பிளக்கின் நிறம்

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பதுபோல நான் வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். இன்ஜினுக்குள் எப்படி எரிகிறது என்பதை அது ஒளிக்காமல் சொல்லிவிடும். முனையில் இருக்கும் பீங்கான் கன்னங்கரேலென்று இருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வண்டி இழுக்காது, ஆனால் கெடாது. காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் எல்லாம் சரி. வெளுத்துப்போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்ஜின் காய்கிறது. அப்படிக் காய்கிற டூ-ஸ்ட்ரோக் இன்ஜின், போய்ச் சேருவதற்குச் சற்று முன்னால் அதுவரை ஓடாத ஓட்டம் ஓடும்.

விருதுநகரில் சிவகாசி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த காலமெல்லாம் இதை எத்தனையோ பேரிடம் கத்திக் கத்திச் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். சொன்னதைக் கேட்காத ஒருவரின் வண்டியை அப்படியே தெருவில் தள்ளி நிறுத்தியிருக்கிறேன். ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டேன். அவர் என் தங்கையின் கணவர்.

நாலுவழிச் சாலைக்காக ஊருக்கு வெளியே புளியமரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மாப்பிள்ளை தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். நல்ல கை என்று பெயர் வாங்கியவர். ஒரு பங்குனிக் காலையில், அலுமினியப் பவுடர் கலந்த மருந்து சல்லடையில் இருக்கும்போதே பற்றிக்கொண்டது. அறையில் அவர் மட்டும்தான் இருந்தார். வாசல் பக்கத்தில் இருந்ததால் உயிர் தப்பியது. இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மிஞ்சின. மற்ற மூன்றும் போய்விட்டன.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. கேட்டில் உட்காரவைத்தது. உள்ளே போகிறவர்களிடம் பீடி, தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்து, வெளியே வரும்போது திருப்பிக் கொடுக்கிற வேலை. இரண்டு வருஷம் அப்படி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்கு வந்தாலும் கேட்டில் உட்கார்ந்திருப்பதுபோலவே உட்கார்ந்திருப்பதாகத் தங்கை சொன்னாள். நான் போய் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், "ஆமா மச்சான்", "இல்ல மச்சான்" என்பதோடு சரி.

அந்த மனிதர்தான் ஒருநாள் ஒரு லோடு வண்டியில் ஒரு மோட்டார் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்து என் ஒர்க்‌ஷாப் வாசலில் இறக்கினார். அறுபதுகளில் வந்த டூ-ஸ்ட்ரோக் வண்டி, இருநூற்றைம்பது சிசி. இரண்டு பக்கமும் நீளமான சைலன்சர், முட்டை மாதிரி டேங்க். ஆலங்குளத்தில் யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்ததாம். சீட்டில் கோழி எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது.

"இத எதுக்கு மாப்ள வாங்குனீக? காயலான் கடைக்காரனே தொட மாட்டான்" என்றேன். எனக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சம் அதிகம்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டீசை எடுத்து நீட்டினார். கோயம்புத்தூரைச் சேர்ந்த பழைய வண்டிப் பிரியர்கள் நடத்துகிற வேகப் பந்தயம். திருநெல்வேலி போகிற வழியில் வெள்ளைக்காரன் காலத்து விமான ஓடுபாதை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. அதில் ஒவ்வொரு வண்டியாகத் தனியே, நேர்கோட்டில் ஓட வேண்டும். கடைசி நூறு மீட்டரில் கருவி வைத்து வேகத்தை அளப்பார்கள். ஆளுக்கு இரண்டு ஓட்டம். தைப் பொங்கல் முடிந்த ஞாயிறு.

"இந்த வண்டி எம்புட்டு போகும் மச்சான்?"

"புதுசா இருந்தப்ப நூத்திப்பத்து போயிருக்கும்."

"நூத்திருவத்தஞ்சு போக வைப்பீகளா?"

இரண்டு வருஷத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டது அன்றுதான். முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை வந்துவிட்டது. பிரேக் ஒயர் மாற்றுவதும் டியூப் பஞ்சர் ஒட்டுவதுமாகப் போய்க்கொண்டிருந்த பிழைப்பில், ஓர் இன்ஜினை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

ஐப்பசியில், தீபாவளி முடிந்து கம்பெனிகள் ஓய்ந்த சமயத்தில் வேலையை ஆரம்பித்தோம். சிலிண்டரைத் தீட்டிப் புது பிஸ்டன் போட்டேன். உள்ளே புகை போகும் வழிகளைத் தேய்த்து வழவழப்பாக்கினேன். அழுத்தம் கூட வேண்டும் என்று லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சீவினேன். வேகம் கூடட்டும் என்று பின்சக்கரத்தில் செயின் ஓடும் பல்சக்கரத்தின் பல்லைக் குறைத்தேன். கடைசி வேலை கார்புரேட்டர். அதற்குள் ஜெட் என்று குண்டுமணி அளவில் ஒரு பித்தளைத் துண்டு இருக்கும். அதன் ஓட்டை எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெட்ரோல் இன்ஜினுக்குப் போகும். பெரிதும் சிறிதுமாக ஏழெட்டு ஜெட் சேர்த்து, ஒவ்வொன்றையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு, மேலே நம்பர் எழுதி வைத்திருந்தேன்.

மாப்பிள்ளை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்துவிடுவார். டேங்க் பக்கத்தில் போவதற்கு முன்னால் மேசையில் சாமான்களைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு வைஸை ஒருதடவை தொடுவார். மருந்து அறைக்குள் நுழைகிறவர்கள் வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தைப் போக்கிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. "சாமி கும்பிட்டாச்சா மாப்ள, திருநீறு தரவா?" என்று நான் சீண்டுவேன். அவர் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே தினமும் சீண்டினேன்.

சோதனை ஓட்டத்துக்கு ஆலங்குளம் ரோட்டில் ஒரு நேரான துண்டைத் தேர்ந்தெடுத்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிமெண்ட் லாரிகள் ஓய்ந்திருக்கும். அவர் முழு வேகத்தில் வந்து, குறித்த இடத்தில் சாவியை அணைத்து, கிளட்சைப் பிடித்து, வண்டியை உருளவிட்டு நிறுத்துவார். நான் ஓடிப்போய்ப் பிளக்கைக் கழற்றுவேன். அப்படி நிறுத்தினால்தான் முழு வேகத்தில் எரிந்த நிறம் பிளக்கில் அப்படியே இருக்கும்.

முதல் நாள் பிளக் கறுப்பு. மாப்பிள்ளையின் முகம் சுருங்கிவிட்டது. "கரி கட்டுது மச்சான்" என்றார், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்பதுபோல. சிறிய ஜெட் போட்டேன். அடுத்த வாரம் காப்பிப்பொடி நிறம் வந்தது. வேகம் நூற்றுப்பதினைந்து. எனக்குத் தலைகால் புரியவில்லை. "இதான் மாப்ள சரியான நிறம், இதோட நிப்பாட்டிக்கிருவோம்" என்றேன்.

அவர் பிளக்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னும் அழுக்கா இருக்கே?"

அவர் உலகத்தில் அது அழுக்குத்தான். கம்பெனியில் சாயங்காலம் புதுக் கலவையில் செய்த சரக்கைப் பின்பக்கத் தரிசில் கொளுத்திப் பார்ப்பார்கள். பளீரென்று வெள்ளையாக எரிந்தால் லோடு ஏறும். செவசெவவென்று எரிந்து கரி கட்டினால் ஆர்டர் திரும்பிவிடும், கலக்கியவருக்குத் திட்டு விழும். இருபது வருஷம் வெள்ளையைத் தேடியே வாழ்ந்தவரிடம் பழுப்பு நிறத்தைக் காட்டி இதுதான் நல்லது என்றால் எப்படி ஏற்பார்? இன்ஜின் வேறு, மருந்து வேறு என்று விளக்கினேன். கத்தவும் செய்தேன். "ஒருதடவ மட்டும் வெள்ளைக்குப் போய்ப் பார்ப்போம் மச்சான்" என்றார். போனோம். நூற்றுப்பத்தொன்பது வந்தது.

அதற்குமேல் என்ன பேசுவது? அவர் சொன்னது தப்பு, ஆனால் மீட்டர் அவர் பக்கம் நின்றது. இன்னும் ஒரு படி சிறிய ஜெட் போட்டேன். போட்டது என் கைதான். மிரட்டி யாரும் போடச் சொல்லவில்லை.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த இன்னொரு விஷயம் இருந்தது. பெட்ரோல் போதாமல் காய்கிற இன்ஜினில் பிஸ்டன் உப்பிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் அந்தக் கணமே நின்றுவிடும். அதனால்தான் டூ-ஸ்ட்ரோக்கை விரட்டி ஓட்டுகிறவர்கள் இரண்டு விரலை எப்போதும் கிளட்சின் மேலேயே வைத்திருப்பார்கள். கவ்வியதும் பிடித்தால் தப்பலாம். ஒருதடவை சாத்தூர் ரோட்டில் நானே அப்படித் தப்பியிருக்கிறேன். மாப்பிள்ளை கிளட்சை எப்படிப் பிடிக்கிறார் என்பதை ஒவ்வொரு ஞாயிறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆள்காட்டி விரலைக் கொக்கி போட்டு, உள்ளங்கையின் அடியால் அழுத்தி, தோளையும் கொஞ்சம் சாய்த்துப் பிடிப்பார். ஒரு நொடி ஆகும். அந்த வேகத்தில் ஒரு நொடி என்பது முப்பத்தைந்து மீட்டர்.

கிளட்ச் லீவரை வளைத்துப் பக்கத்தில் கொண்டுவந்தேன். ஸ்பிரிங்கை மெலிதாக்கினேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அந்த மூன்று மாதத்தில் கை என்ற வார்த்தை எங்கள் இருவர் வாயிலிருந்தும் வந்ததே இல்லை.

வார்த்தையைச் சொன்னது தங்கைதான். பொங்கலுக்கு முந்தின வாரம், அவர் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு ஜோடித் தோல் உறையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். இடது உறையின் மூன்று விரல்களில் பஞ்சு அடைத்துத் தைத்திருந்தாள். பந்தயத்தில் வண்டியையும் ஆளையும் சோதித்துத்தான் விடுவார்கள். உறை போட்டிருந்தால் தெரியாது என்று அவர் கேட்டிருக்கிறார்.

"தச்சுக் குடுத்துட்டேன்ண்ணே. மாட்டேன்னு சொல்ல முடியல. ராத்திரி சாப்பிடும்போது தன்னால பேசுறாரு, சிரிக்கிறாரு. அத நான் கெடுப்பேனா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அந்தக் கையி அவசரத்துக்கு ஆகாதுண்ணே. தண்ணிச் செம்பே நழுவிருது. எங்க நிப்பாட்டணும்னு உங்களுக்குத் தெரியும்ல? நிப்பாட்டிருங்க."

"நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்றேன்.

பந்தய நாளில் ஓடுபாதை பூராவும் பனி. வெடித்த சிமெண்ட் தரையில் பொந்துகளை அடைத்து, கொடி நட்டு, பந்தல் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூர்க்காரர்களின் வண்டிகள் கல்யாணப்பெண்ணைப்போல மினுங்கின. எங்களுடையது பெயிண்ட் உரிந்தது. சோதனை செய்த ஆள் பிரேக்கைப் பார்த்தார், டயரைப் பார்த்தார், உறையைப் பார்க்கவில்லை. எங்கள் வகுப்பில் அதுவரை அதிகபட்ச வேகம் நூற்றிருபத்துநான்கு.

மாப்பிள்ளை முதல் ஓட்டம் ஓடினார். நான் பாதையின் கடைசியில் நின்றேன். அந்த இன்ஜின் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. நூற்றிருபத்தொன்று என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். யாரோ கை தட்டினார்கள். வண்டியைத் தள்ளி எங்கள் இடத்துக்குக் கொண்டுவந்ததும் அவரைத் தேநீர் குடிக்க அழைத்துப்போய்விட்டார்கள். பெருமையோடு பிளக்கைக் கழற்றினேன்.

சுண்ணாம்பு வெள்ளை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். பீங்கானின் மேல் ஊசிமுனை அளவில் வெள்ளிப் புள்ளிகள் மூன்று இருந்தன. அலுமினியம். பிஸ்டன் உருக ஆரம்பித்துவிட்டது. பனிக்காலக் காற்று கனமானது. ஆலங்குளத்து மதிய வெயிலில் தாக்குப்பிடித்த ஜெட் அங்கே போதவில்லை. இன்னொரு முழு ஓட்டத்துக்கு இந்த இன்ஜின் தாங்காது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அவர் தேநீர்க் கிளாஸோடு வந்தார். "என்ன நிறம் மச்சான்?"

"வெள்ளை" என்றேன்.

"பெறகென்ன!" அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "இன்னும் நாலுதான். குனிஞ்சு படுத்து ஓட்டுனா வந்துரும்." கிளாஸைத் திருப்பிக் கொடுக்கப் போனார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அலுமினியம் வருது, போதும், இறங்குங்க என்று இரண்டு வார்த்தை. சொன்னால் அவர் வாதாடுவார், மூன்று மாதமாகத் தோற்றதுபோல இங்கேயும் நான் தோற்பேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது முழுப் பொய். இன்ஜின் கவ்வினால் என்ன என்று அவர் கேட்பார், அதற்கு நான் கையைச் சொல்ல வேண்டியிருக்கும். அத்தனை பேர் நடுவில் அந்தக் கையைப் பற்றிப் பேச எனக்குத் தைரியம் இல்லை. கட்டைவிரலால் புள்ளிகளைத் துடைத்தேன். தீப்பெட்டிகளைப் பிரித்து, முதல் நாள் போட்டிருந்த பெரிய ஜெட்டை எடுத்தேன். மாற்றி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

இரண்டாவது ஓட்டத்தில் வண்டி புகை கக்கிக்கொண்டு போனது. அவர் டேங்கின் மேல் மார்பை வைத்துப் படுத்திருந்தார். முழங்கைகளை ஒடுக்கி, தாடையை அழுத்தி, தன்னால் முடிந்த அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தார். அந்தக் காட்சியைத் தாங்க முடியாமல் நான் திரும்பிக்கொண்டேன். நூற்றுப்பன்னிரண்டு.

நான் போய்ச் சேருவதற்குள் அவர் வண்டியை நிறுத்தியிருந்தார். வலது உறையைக் கழற்றிவிட்டுச் சைலன்சர் வாயில் விரலை விட்டு உள்சுவரை ஒரு சுற்று வழித்துப் பார்த்தார். கம்பெனியில் எரிந்து முடிந்த தரைச்சக்கரத்தையும் வாணக் குழாயையும் அப்படித்தான் பார்ப்பார்கள் போலிருக்கிறது. விரல் எண்ணெய்க் கரியாக வெளியே வந்தது. அதை என்னிடம் காட்டவில்லை. தானே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜெட்ட மாத்துனீகளா?"

"ஆமா."

"என்ன வந்துச்சு பிளக்குல?"

"அலுமினியம். மூணு புள்ளி."

ஒலிபெருக்கியில் அடுத்த வண்டியின் நம்பரைக் கூப்பிட்டார்கள்.

"மூணு புள்ளி வந்துச்சுன்னு சொல்லியிருந்தா நானே எறங்கியிருப்பேன் மச்சான்" என்றார். கோபம் இல்லை, அதனால்தான் கேட்க முடியவில்லை. "அலுமினியம் என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? இந்தப் பந்தல்ல இருக்க அம்புட்டுப் பேர்லயும் எனக்குத்தான அது தெரியும்?"

அவர் இறங்கியிருப்பாரா, மாட்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை நான்தான் அடைத்துவிட்டேன்.

"கேட்டுல போயி உக்காருன்னு மேனேஜர் சொன்னப்ப அவரு மேல எனக்குக் கோவம் வந்துச்சு" என்றார் பிறகு. "ஆனா அவரு எம் மூஞ்சியப் பார்த்துச் சொன்னாரு."

வண்டியை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியெல்லாம் டிரைவர்தான் பேசிக்கொண்டு வந்தார். வீட்டு வாசலில் வேன் நின்றதும் தங்கை ஓடிவந்தாள். அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்துக் கண் கலங்கினாள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து ஆளுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தாள்.

"மொத ஓட்டம் நல்லா ஓடுச்சுன்னு இவரு போன்ல சொன்னாரேண்ணே. ரெண்டாவது என்னாச்சு?" என்று கேட்டாள். கேள்வி என்னைப் பார்த்துத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டார்.

"மச்சான் வண்டிய நல்லாத்தான் வச்சுக் குடுத்தாக. எங் கையிதான் ஒத்துக்கிடல" என்றார்.

ஊரில் எல்லோரிடமும் எரிந்து விழுகிற நான், அந்தத் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தேன். இல்லை என்று சொல்லவில்லை.